எந்தப் பள்ளியில் சேர்ப்பது, பாஸ்டர்?



ஏப்ரல், மே வந்துவிட்டால் ஃபேர்லேண்ட்ஸில் நம் சபைக்கு வருகிற ஜெப விண்ணப்பங்களில் பாதி ஸ்கூல் அட்மிஷனைப் பற்றியதாகவே இருக்கும். இந்த வருஷம் ஒரு குடும்பத்தார் உபவாச ஜெபம் முடிந்தபின் என்னோடு பேச உட்கார்ந்தார்கள். ஒரே மகள், மூன்றாம் வகுப்பு. பள்ளி ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டுக்கு ஆட அவளை நிறுத்தியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தாலும் வாயில் அதே பாட்டு.

தாயார் கண்ணீரோடு, "ஐயா, ஸ்கூலை விட்டு நிறுத்திட்டு நானே வீட்ல வச்சுச் சொல்லிக் கொடுக்கிறேன்" என்றார்கள். தகப்பனார், "கிறிஸ்தவ ஸ்கூல் ஹாஸ்டல்ல சேர்த்துட்டா நமக்குக் கவலையில்ல, பாஸ்டர்" என்றார். பாட்டியம்மா, "பக்கத்துலயே கவர்ன்மெண்ட் ஸ்கூல் இருக்கு. இவ அப்பன் அங்கதான படிச்சான்?" என்றார்கள்.

பிரியமானவர்களே, ஒரே வீட்டில் மூன்று பள்ளிக்கூடங்கள்! வேதத்திலும் இந்த மூன்று பள்ளிகள் உண்டு. அவற்றைச் சற்று தியானிப்போம்.

முதலாவது, வீட்டுப் பள்ளி. தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன் (அப். 16:1). ஆனாலும் பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் சிறு வயதிலேயே அவனுக்கு வேதத்தைப் புகட்டினார்கள் (2 தீமோ. 1:5, 3:15). இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் சூசன்னா வெஸ்லி அம்மாள் 19 பிள்ளைகளைப் பெற்று, பிழைத்த பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் நடத்தினார். அதோடு வாரத்தில் ஒரு மாலையை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒதுக்கி, அதன் ஆத்தும நிலையை விசாரிப்பார். அந்த வீட்டில் வளர்ந்தவர்தான் ஜான் வெஸ்லி. ஆனால் 1714-ல், 10 வயதில், அவரையும் லண்டனில் ஒரு பள்ளிக்கு அனுப்பினார்கள். அந்த அம்மாள் பயந்து கதவைப் பூட்டிக்கொள்ளவில்லை. வெளியே அனுப்பத்தக்கதாக ஆயத்தப்படுத்தினார்.

இங்கே சட்டத்தையும் அறிந்திருங்கள். 2009-ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. வீட்டுப் பள்ளியைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. பெற்றோருக்குத் தண்டனையும் சொல்லப்படவில்லை. பரீட்சைக்குத் தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஆகவே வழியே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அம்மா, தினமும் நாலைந்து மணி நேரம் உட்கார உங்களால் முடியுமா? கணக்கும் விஞ்ஞானமும் யார் சொல்லித் தருவார்? கூடி விளையாட யார் இருப்பார்? புருஷனும் மனைவியும் இதில் ஒருமனப்பட்டிருக்கிறீர்களா? பெண்பிள்ளையைப் பள்ளியை விட்டு நிறுத்தி, பாத்திரம் தேய்க்கவும் தம்பியைத் தூக்கவும் வைத்துக்கொண்டு, அதற்கு விசுவாசம் என்று பேர் வைத்தால் கர்த்தர் அதைக் கணக்குக் கேட்பார்.

இரண்டாவது, ஆலயப் பள்ளி. அன்னாள் சாமுவேலைக் கர்த்தருடைய வீட்டிலே விட்டாள். நல்ல இடந்தான். ஆனால் அதே வளாகத்தில் வளர்ந்தவர்கள்தானே ஓப்னியும் பினெகாசும்? ஆசாரியன் வீட்டுப் பிள்ளைகள் கர்த்தரை அறியாமலே போனார்கள் (1 சாமு. 2:12). லண்டன் மிஷனரி சங்கத்தார் 1827-ல் சேலத்தில் ஊழியம் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட மிஷனெரிமார் திறந்த பள்ளிகளால் நம் ஜனங்கள் எழுத்தறிவு பெற்றார்கள். அதற்காக ஸ்தோத்திரம்! ஆனாலும் வாசலில் சிலுவை இருப்பதால் பிள்ளை இரட்சிக்கப்படுவதில்லை.

விடுதியில் விடுகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். அன்னாள் வருஷந்தோறும் தன் கையால் தைத்த உடுப்போடு மகனைப் பார்க்கப் போனாள் (1 சாமு. 2:19). அவன் எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்கிற அளவு அவள் மனதில் இருந்தது. நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளுக்கு எங்கெங்கிருந்தோ பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். ஜனங்கள் அவற்றை "பிராய்லர் ஸ்கூல்" என்று சொல்வது உங்களுக்குத் தெரியும். மாநில ரேங்க் அறிவிப்பதை அரசாங்கமே 2017-ல் நிறுத்திவிட்டது. நம் வீடுகளில் இன்னும் நிற்கவில்லையே! மார்க்கைக் கேட்கிற தகப்பனே, மகன் அழுதானா, ஜெபித்தானா என்று கேட்டீரா?

மூன்றாவது, அரசாங்கப் பள்ளி. நேபுகாத்நேச்சார் மூன்று வருஷப் படிப்பு ஏற்படுத்தினான். பாபிலோன் பாஷை, பாபிலோன் புத்தகம், பேரையே மாற்றினார்கள் (தானி. 1:4-7). தானியேல் பள்ளியை விட்டு ஓடினானா? இல்லை. பாடத்தை வெறுத்தானா? இல்லை. பத்து மடங்கு தேறினான். தீட்டு என்று கண்ட போஜனத்தை மாத்திரம் மறுத்தான். அதையும் சண்டை போட்டு அல்ல, பணிந்து கேட்டு, பத்து நாள் தவணை வாங்கி மறுத்தான்.

அரசுப் பள்ளியை ஏளனமாய்ப் பேசாதிருங்கள். 2022 முதல் அங்கே சிறு பிள்ளைகளுக்குக் காலை உணவு உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதல் 7.5 சதவீத இடம் உண்டு. மார்க்க விஷயமாகப் பயப்படுகிறவர்களுக்கு அரசியல் சாசனத்தின் 28-ஆம் பிரிவு இருக்கிறது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில், பெற்றோர் சம்மதமில்லாமல் எந்தப் பிள்ளையையும் வழிபாட்டில் கட்டாயப்படுத்தக்கூடாது. இது நம் பிள்ளைக்கும் பாதுகாப்பு. கிறிஸ்தவப் பள்ளியில் படிக்கிற இந்துப் பிள்ளைக்கும் பாதுகாப்பு.

நான் அந்தக் குடும்பத்தாரிடம், "முதலில் தானியேலைப்போல டீச்சரம்மாவிடம் பணிவாய்ப் பேசுங்கள்" என்றேன். போய்ப் பேசினார்கள். "அதுக்கென்னங்க, முன்னமே சொல்லியிருக்கலாமே, அடுத்த வருஷம் திருக்குறள் ஒப்பிக்கட்டும்" என்றார்களாம் அந்த டீச்சர். பிள்ளை அதே பள்ளியில் தொடர்கிறாள்.

தேவ ஜனமே, எந்தப் பள்ளி என்பது இரண்டாவது கேள்வி. சாயங்காலம் பிள்ளை எந்த வீட்டுக்குத் திரும்பி வருகிறது என்பதே முதல் கேள்வி. உபாகமம் 6:7 நமக்கு நான்கு நேரங்களைக் காட்டுகிறது: வீட்டு நேரம், வழி நேரம், படுக்கை நேரம், விடியல் நேரம். இந்த நான்கும் எந்தப் பள்ளியின் டைம்டேபிளிலும் இல்லை; பெற்றோர் கையில்தான் இருக்கிறது. ஐந்து ரோட்டில் வண்டி நிற்கும்போது வண்டிக்காரரைத் திட்டுகிறீர்களா, பின்னால் இருக்கிற பிள்ளையோடு பேசுகிறீர்களா? இரவில் சீரியல் ஓடுகிறதா, வேதம் திறக்கிறதா? வீட்டிலே ஓடுகிற பாட்டைத்தான் பிள்ளை பள்ளியிலும் ஆடுகிறது என்றால் யாரைக் குறை சொல்வது?

ஆகையால் ஜூன் மாதம் பிள்ளை எந்த வாசலில் நுழைந்தாலும், இரவு இருபது நிமிஷம் டிவியையும் செல்போனையும் அணைத்துவிட்டு குடும்பமாய் முழங்கால்படியிடுங்கள். ஒரு அதிகாரம் பிள்ளையே வாசிக்கட்டும். அன்று பள்ளியில் நடந்ததை அது சொல்லட்டும், நீங்கள் கேளுங்கள். அதுவே எல்லாக் குடும்பத்தாரும் நடத்தக்கூடிய வீட்டுப் பள்ளி. அதற்கு ஃபீஸ் இல்லை, லீவும் இல்லை.

கர்த்தர் நம் பிள்ளைகளைத் தமக்கென்று காத்து, கல்வியிலும் கிருபையிலும் பெருகச் செய்வாராக. அல்லேலூயா! ஆமென்.