புறப்படும் முன் ஒரு சுற்று

ராஜபாளையத்தில் பாரம் ஏற்றிக் கொல்லம் நோக்கிக் கிளம்பும் லாரிக்குத் தென்காசி வரை பெரிய சோதனை எதுவும் இல்லை. சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் சமதளச் சாலை. தேய்ந்த பிரேக் லைனரும் மெல்லக் காற்றுக் கசியும் குழாயும் அந்தத் தூரத்தை ஒப்பேற்றிவிடும். செங்கோட்டை தாண்டி, புளியரை ‘எஸ்’ வளைவில் ஏறி, ஆரியங்காவைக் கடந்து தென்மலைக்கு இறங்கும்போதுதான் குறை வெளிப்படும். அடிக்கடி மிதிக்க மிதிக்க டிரம் சூடேறி விரிகிறது. லைனர் பிடிமானத்தை இழக்கிறது. பத்துச் சக்கர லாரி என்றால், வண்டியும் சரக்குமாகச் சட்டம் அனுமதிக்கும் எடையே 28.5 டன். அத்தனை பாரமும் பின்னாலிருந்து தள்ள, மிதித்தும் வண்டி அடங்காத நொடியில் இருபது வருட அனுபவம்கூடக் கைகொடுக்காது. அனுபவத்துக்கு வேலை இருந்த இடம், காலையில் வண்டி நின்றுகொண்டிருந்த லாரி செட்டு.

அங்கே செய்ய வேண்டியதற்குக் கால்மணி நேரம் போதும். இன்ஜினை ஓடவிட்டு ஏர் டேங்க் நிரம்பியதும் அணைத்துவிட வேண்டும். பிரேக்கை மிதித்தபடியே கேஜ் முள்ளைப் பார்த்தால் போதும். முள் இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது. அந்த அமைதியில் காதாலும் கேட்கலாம். டேங்கின் அடியில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். தண்ணீர் நின்ற அளவுக்குக் காற்றுக்கு இடம் குறைகிறது, வால்வும் துருப்பிடிக்கிறது. வீல் நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தால் அது தளர்ந்திருக்கக்கூடும். ஸ்பிரிங் பட்டையில் விரிசல் இருக்கிறதா என்று குனிந்துதான் பார்க்க முடியும்.

பின்சக்கரத்தின் உள் டயர் தனிக் கவனம் கேட்பது. அதில் காற்று இறங்கியிருந்தாலும் வெளி டயர் பாரத்தைத் தாங்கிக்கொள்வதால் பார்வைக்குத் தெரியாது. இரண்டின் சுமையையும் ஒன்றே சுமந்து, சூடேறி, நெடுஞ்சாலையில் வெடிக்கும். பழைய ஓட்டுநர்கள் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்ப்பார்கள். காற்றுள்ள டயர் கம்பியைத் துள்ளவிடும். இல்லாதது மந்தமாக ஒலிக்கும். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதி சொல்கிறது. விரலை வைத்தாலே தெரிகிற அளவு அது.

பின்விளக்கையும் சிவப்பு ஒளிப்பட்டையையும் பார்க்காமல் கிளம்புகிறவர்கள் அதிகம். ஓட்டுநர் தன் இருக்கையிலிருந்து ஒருபோதும் காண முடியாத விளக்கு அது. அதனால் அவருக்கு வழி தெரியப் போவதில்லை. இரவு ஷிப்ட் முடிந்து மில்லிலிருந்து இருசக்கர வண்டியில் வீடு திரும்பும் ஒருவர், சாலையோரம் இருட்டில் நிற்கும் லாரியைக் கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காக மட்டுமே அது எரிகிறது. முகம் தெரியாத அந்த மனிதருக்காக, கிளம்பும் முன் வண்டியின் பின்பக்கம் வரை நடந்து போவதையே நான் அறம் என்று கருதுகிறேன்.

ஆய்வு என்பது இந்த ஊர்களுக்குப் புதிதல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேர் ஆடிப்பூரத்தன்று வடம் பிடிக்கப்படும் முன் அதன் உறுதியை அதிகாரிகள் பார்வையிடுகிறார்கள். நான்கு ரத வீதிகளை நடைவேகத்தில் சுற்றிவரும் தேருக்கே அவ்வளவு கவனம். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் நிலையங்கள் வழியே தென்காசிப் பக்கம் போகும் ரயிலுக்கு ‘பிரேக் பவர்’ சான்று என்ற தாள் உண்டு. பரிசோதித்த ஊழியர் தந்த அந்தத் தாளை லோகோ பைலட்டும் ரயில் மேலாளரும் (முன்பு கார்டு) ஒப்புக்கொண்ட பிறகே வண்டி புறப்படும். அந்த ரயிலுக்காகக் கேட்டில் காத்து நிற்கும் லாரியிடம் இருப்பது எஃப்.சி. எனும் தகுதிச் சான்று மட்டும். எட்டு வயதுக்கு உட்பட்ட வண்டி என்றால் இரண்டாண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேல் ஆண்டுக்கு ஒருமுறை. அந்த ஒரு நாளுக்காக நல்ல டயரை மாட்டிக் காட்டிவிட்டுப் பிறகு கழற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். சான்று அன்றைக்கு வண்டி இருந்த நிலையைச் சொல்லும். இன்று காலை அது எப்படி இருக்கிறது என்று சொல்ல ஓட்டுநரை விட்டால் ஆள் இல்லை.

ஆயுத பூஜையன்றும் நெடும்பயணத்தின் தொடக்கத்திலும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பது நம் வழக்கம். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். பழம் வைக்கக் குனிகிறவரின் முகம் டயருக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு வெடிப்பு கண்ணில் பட்டால், பழத்தை எடுத்துவிட்டு ஜாக்கியைப் போடுகிற மனம் வேண்டும்.

ஆனால் அந்த மனத்தை ஓட்டுநரிடம் மட்டும் கேட்பது நியாயமா? முன்பு லாரிக்கு ஒரு கிளீனர் இருந்தார். டயர் தட்டுவதும், கயிறு இறுக்குவதும், தார்ப்பாய் பார்ப்பதும், வண்டி நின்றால் சக்கரத்துக்குக் கட்டை போடுவதும் அவர் வேலை. செலவைக் குறைக்க முதலில் இறக்கிவிடப்பட்டவர் அவர்தான். இன்று பல வண்டிகளில் ஓட்டுநர் தனியாள். ஓடினால்தான் படி. நாளுக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்குப் பின் அரைமணி ஓய்வு என்று 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. அந்தக் கணக்கில் லோடு போய்ச் சேருவதைக் கண்டவர் குறைவு. தூக்கம் கெட்ட கண்ணுக்கு விரிசல் தெரியாது. தெரிந்தாலும், “முதலாளி, இந்த லைனரோட மலை இறங்க முடியாது” என்று சொன்னால் அன்றைய கூலி போகும். அடுத்த டிரிப் வேறொருவருக்குப் போகலாம். இப்படிச் சொல்வதற்குத் தண்டனை இருக்கும்வரை, பார்த்தும் பாராதவர்போல் ஏறி உட்காரத்தான் ஓட்டுநர் பழகுவார். அந்தப் பழக்கத்தை அவர்மேல் சுமத்தியவர்களுக்கும் விபத்தில் பங்கு உண்டு.

அமெரிக்கக் கூட்டாட்சி விதி இந்த இருதரப்புப் பொறுப்பை நேரடியாக எழுதி வைத்திருக்கிறது. வண்டி பாதுகாப்பாக இருக்கிறது என்று தனக்கு நிறைவு ஏற்பட்ட பிறகே ஓட்டுநர் அதை எடுக்க வேண்டும். பாதுகாப்பைப் பாதிக்கும் குறையை அவர் எழுதித் தந்தால், சரிசெய்தோம் என்றோ, செய்யத் தேவையில்லை என்றோ நிறுவனம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பொறுப்பு இருபுறமும் மையில் பதிகிறது.

ராஜபாளையத்து மில் வாசல்களில் இதைத் தொடங்கலாம். நூல் பேல் ஏற்ற வரும் லாரியிடம் கேட் பாஸும் பில்லும் கேட்கிறார்கள், எடை போடுகிறார்கள். அதே வாசலில் டயர், காற்று, பின்விளக்கு மூன்றையும் ஓட்டுநரோடு சேர்ந்து பார்த்து ஒரு நோட்டில் எழுதலாம். குறை இருந்தால் சரக்கு அன்று ஏறாது என்று மில் நிர்வாகம் சொன்னால், லாரி உரிமையாளர் பட்டறைக்குச் சொல்லியனுப்ப அரைநாள்கூட ஆகாது. வண்டி நின்ற அந்த நாளின் படியையும் ஓட்டுநருக்குக் கொடுத்துவிட வேண்டும். உண்மையைச் சொன்னதற்காக அவர் வீட்டில் அடுப்பு அணையக் கூடாது.