விருந்தினரின் கடன்

திருக்குறளின் 9 ஆம் அதிகாரம் விருந்தோம்பல். வருபவரை ஏற்பவர் எவ்வாறு ஏற்றல் வேண்டும் என்பதை அதன் 10 குறள்களும் கூறுகின்றன. வருபவர் எவ்வாறு வருதல் வேண்டும் என்பதற்கு அந்நூலில் தனி அதிகாரம் இல்லை. இதனைக் குறையெனக் கூறுவதற்கில்லை. பசியோடு வழிநடந்து வந்தவனே அக்காலத்து விருந்தினன். அவனுக்குக் கடமை கற்பிக்கும் தேவை எழவில்லை போலும். இன்றோ உண்டு களித்து, கைத்தொலைபேசியும் பணமுமாகப் பொழுதுபோக்க வருபவனும் விருந்தினன் என்றே அழைக்கப்படுகின்றான். அவனுக்கும் ஒரு கடன் உண்டா?

இவ்வினா நூலகத்தில் எழுந்ததன்று. சென்ற விடுமுறையில் 30 மாணவருடன் நாம் யாழ்ப்பாணத்துத் தீவுகளைக் காணச் சென்றோம். முதல்நாள் நயினாதீவு, நாகபூசணி அம்மன் கோயிலையும் பௌத்த விகாரையையும் ஒரே கரையில் கண்டோம். மறுநாள் நெடுந்தீவு. புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறைவரை வீதி உண்டு. அதற்கு அப்பால் ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணம். வேறு வழியில்லை.

நாம் வேளைக்கே சென்று படகில் இடம்பிடித்துக்கொண்டோம். நெடுந்தீவார் பின்னரே வந்தனர். பட்டணத்து வைத்தியசாலையிலிருந்து கைக்குழந்தையுடன் வீடு திரும்பும் ஒரு தாய்க்கு இடமில்லை என்றனர். அடுத்த படகை எதிர்பார்த்து அவர் கரையில் நின்றார். எம் மாணவர் பாடிக்கொண்டிருந்தனர். நாம் அத்தாயைக் கண்டோம், கண்டும் எழுந்திலோம்.

நெடுந்தீவில் காண்பதற்குப் பல உள. ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரை இத்தீவுக்குச் சூட்டி, இங்கே குதிரை வளர்த்தனர். அக்குதிரைகளின் வழிவந்தவை இன்றும் வெட்டவெளியில் மேய்கின்றன. வறட்சிக் காலத்தில் நீரின்றி மடிவதும் உண்டு. ஆபிரிக்க நிலத்துக்குரிய பெருக்கமரம் ஒன்று பருத்து நிற்கின்றது. எங்கும் முருகைக்கல் வேலிகள். சாந்து சேர்க்காது கல்மேற் கல்லாக அடுக்கப்பட்டவை அவை. மாணவர் அவற்றின் அழகை வியந்து படம் பிடித்தனர். நிலத்தைப் பயிரிடுதற்காகப் பெயர்த்தெடுத்த கல்லையே, கால்நடைகளிடமிருந்து அப்பயிரைக் காக்க வேலியாக அடுக்கிய கைகளை எவரும் எண்ணினாரில்லை. உழைப்பு கண்ணுக்கு மறைந்தபின்னரே அழகு மாத்திரம் எஞ்சுகின்றது.

வேலியோரம் ஓலை பின்னிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் எமக்குத் தேநீர் தந்தார். மாணவி ஒருத்தி, "ஆச்சி, இவ்வளவு வடிவான இடத்தை விட்டிட்டு ஏன் சனம் வெளியில போகுது?" என்று கேட்டாள். அவர் சினக்கவில்லை. "பிள்ளை, நீங்கள் பின்னேர வள்ளத்துக்குத் திரும்பிப் போறியள்தானே?" என்றார்.

அவ்வளவே அவர் கூறியது. வந்தவனுக்கு மாலைப் படகு உண்டு. ஆகவே அவனுக்குத் தீவு அழகாகின்றது. இரவில் நோய் கண்டவர்க்கும் உவர்நீர்க் கிணற்றை நம்பி வாழ்பவர்க்கும் அதே கடல் தடையாகின்றது. அன்றியும் அது நினைவுகளின் கடல். 1985 மே 15 இல் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட 'குமுதினி' படகின் பயணிகள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, இக்கடலிலேயே வெட்டிக் கொல்லப்பட்டனர். அப்பாதையிலேயே எம் மாணவர் பாடிச் சென்றனர். அவர்கள் அறியார், அறிந்த நாம் சொல்லவில்லை.

அங்ஙனமாயின் எவரும் தீவுகளுக்குச் செல்லலாகாதா என்று கேட்கலாம். பயணிகளால் ஊருக்கு வருவாய் உண்டு என்றும் கூறுவர். உண்மையே; ஆயின் எவ்வளவு? நாம் பட்டணத்தில் வாகனம் அமர்த்தினோம். சோற்றுப் பொதியையும் அங்கிருந்தே கொண்டுசென்றோம். தீவில் நாம் விட்டுவந்தது பெரும்பாலும் குப்பையே. எமக்குக் கிடைத்த தேநீருக்கோ அம்மூதாட்டி காசு வாங்க மறுத்தார். கொடுத்தவர் அவர், பெற்றவர் நாம். பெற்றவர் கடன்பட்டவர் என்பதில் ஐயமில்லை.

அக்கடன் இரக்கத்தால் தீர்வதன்று. இரக்கம் தன்னை உயரத்தில் வைத்துக்கொண்டு பிறரைக் காண்பது. பிறர் தம் தேவைக்காகப் பயன்படுத்துவதை நம் இன்பத்துக்காகப் பறிக்காதிருத்தலே முதற்கடன். கண்டவற்றின் பின்னுள்ள வாழ்வைக் கேட்டறிதல் அடுத்தது. அறிந்தபின், அம்மக்கள் படகும் வைத்தியமும் நன்னீரும் கேட்குமிடத்து அவரோடு சேர்ந்து குரலெழுப்புதல் மூன்றாவது. இம்மூன்றும் இன்றி மக்களைச் சந்தித்தோம் எனல் பொய். பார்த்தோம் என்பதே பொருந்தும்.

பிற்பகல் மாவிலித்துறையில் மீண்டும் நாமே முன்னின்றோம். "நாங்கள் இறங்கி, ஊராக்களை ஏறச் சொன்னால் என்ன சேர்?" என்று ஒரு மாணவன் கேட்டான். துறையில் நின்றோர் பலர். மறுகரையில் வாகனம் காத்திருந்தது; வீடுகளில் பெற்றோர் காத்திருந்தனர். அவனுக்கு விடை கூறாமலே நாம் படகில் அமர்ந்தோம். ஏறிய பின்னர் இக்கேள்விக்கு நேர்மையான விடை இல்லை என்பதை அன்று உணர்ந்தோம். புறப்படுமுன்னரே அதனைத் தீர்த்திருத்தல் வேண்டும். அடுத்த முறை எமக்கென ஒரு வள்ளத்தைத் தீவாரிடமே வாடகைக்கு அமர்த்துவோம். சோற்றையும் அங்கேயே விலைகொடுத்து உண்போம். சிறிய செயல்தான். எனினும் அம்மாணவனுக்கு நாம் இறுக்கவேண்டிய விடையின் தொடக்கம் அதுவே.