வேறு நீர் கிடைக்காத இடத்தில்

நம் தேசத்தில் குடிநீருக்கென்று ஒரு பிரமாணம் உண்டு. இந்திய தர நிர்ணய அமைவனம் வகுத்த அதற்கு ஐ.எஸ். 10500 என்று பெயர். 2012-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒவ்வொரு பொருளுக்கு எதிரிலும் இரண்டு எண்களுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். முதலாவது, ஏற்கத்தக்க அளவு. இரண்டாவது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் அனுமதிக்கக்கூடிய அளவு. ஃப்ளோரைடுக்கு முதல் எண் லிட்டருக்கு 1 மில்லிகிராம், இரண்டாவது 1.5.

'வேறு நீர் கிடைக்காத இடத்தில்' – இந்த நான்கு வார்த்தைகளை விஞ்ஞானம் எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. வேறு வழியில்லாதவனுடைய எலும்புக்கு மட்டும் அரை மில்லிகிராம் கூடுதலாகத் தாங்கும் பலத்தை எந்தத் தெய்வம் கொடுத்தது?

தர்மபுரி ஜில்லாவில் இது ஏட்டுக் கேள்வியல்ல. அங்குள்ள பாறைகளின் ஃப்ளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. குழந்தைகளின் பல்லில் முதலில் சுண்ணாம்பு வெளுப்பு, பிறகு பழுப்புக் கறை. முற்றினால் மூட்டு இறுகும்; முதுகு வளையாது. இதற்காகவே ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது; 2013-ல் தொடங்கி வைத்தார்கள். காவிரி நீர் நல்ல நீர். ஆனால் குழாயில் அது வராத நாளில் பழைய ஆழ்குழாய்க் கிணறுதானே கதி?

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. உலக சுகாதார நிறுவனமே 1.5 என்ற எண்ணைத்தான் வழிகாட்டியாகச் சொல்கிறது. ஒன்றைத் தாண்டிய கிணற்றையெல்லாம் மூடிவிட்டால் ஜனங்கள் குட்டைக்குப் போவார்கள். பல் கறைக்குப் பதில் பேதி வரும். நிர்வாகியின் இந்தக் கவலை நியாயமே. ஆனால் அதே நிறுவனம், ஊரின் வெப்பத்தையும் மக்கள் குடிக்கும் நீரின் அளவையும் கவனித்து எண்ணை நிர்ணயிக்கும்படி சொல்கிறது. கல் குவாரியில் உச்சி வெயிலில் சம்மட்டி பிடிக்கிறவன் குடிக்கும் நீர் எவ்வளவு? மின்விசிறிக்கு அடியில் கோப்பு பார்க்கிறவர் குடிப்பது எவ்வளவு?

அதே பிரமாணத்தில் கதிர்வீச்சுக்கான பட்டியலையும் பாருங்கள். ஆல்ஃபா கதிருக்கு லிட்டருக்கு 0.1 பெக்கரல், பீட்டாவுக்கு 1. இரண்டாவது இடத்தில் எண்ணே இல்லை. 'தளர்வு இல்லை' என்று போட்டிருக்கிறது! விநாடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல். அதாவது ஒரு லிட்டர் நீரில் பத்து விநாடிக்கு ஓர் அணு. அதற்கு மேல் கூடாது. வளர்ந்த மனிதன் உடம்பில் இயற்கையாக உள்ள பொட்டாசியத்தில் மட்டும் விநாடிக்கு ஏறத்தாழ நாலாயிரம் அணுக்கள் சிதைகின்றன. இரண்டும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். உள்ளே போன ஆல்ஃபா செய்யும் கெடுதி அதிகம்.

அதைக் கண்டுபிடிக்கும் வேலையின் பொறுமை என்னை வியக்க வைக்கிறது. நீரை வற்றக் காய்ச்சி, அடியில் தங்கும் படிவைத் தட்டில் பரப்பி, மணிக்கணக்கில் எண்ணுகிறார்கள். மண்ணென்றால் உலர்த்திச் சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, ஏறத்தாழ ஒரு மாதம் காத்திருக்கிறார்கள். ரேடியத்திலிருந்து பிறக்கும் ரேடான் வாயு வெளியேறாமல் உள்ளேயே சமநிலை அடைய அத்தனை நாள் வேண்டும். பிறகுதான் ஈயச் சுவருக்குள் இருக்கும் கருவியில் வைப்பது. வெறும் டப்பாவை வைத்தாலும் கருவி பூஜ்யம் காட்டாது. வானத்திலிருந்தும் சுற்றுச்சுவரிலிருந்தும் வருகிற கதிர்களும் கணக்கில் ஏறிக்கொள்ளும். அவற்றைக் கழித்தால்தான் மண்ணின் உண்மை தெரியும். ஃப்ளோரைடுக்கோ, சில சொட்டு மருந்து விட்டு நிறம் மாறுவதைப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். சில நிமிஷ வேலை.

சுலபமாகத் தெரிவதில் தளர்வு. தெரியக் கஷ்டமானதில் கண்டிப்பு! நிபுணர்கள் காரணம் சொல்வார்கள். கதிர்வீச்சில் 'இதற்குக் கீழே கெடுதியே இல்லை' என்று ஒரு கோடு கிடையாது என வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம். 1945-ல் ஹிரோஷிமாவும் 1986-ல் செர்னோபிலும் கதிர்வீச்சை எல்லோருக்கும் பொதுவான பயமாக்கிவிட்டன. மாளிகைவாசிக்கும் அந்தப் பயம் உண்டு. ஃப்ளோரைடு பயமோ, வாயை மூடிக்கொண்டு சிரிக்கும் பெண்ணைப் பெற்றவர்களுக்கு மட்டுமே உரியது.

எண்கள் மாறவே கூடாது என்பது என் வாதமல்ல. கிரானைட் பாறையில் இயற்கையாகவே சிறிது யுரேனியம் உண்டு. அது நீரிலும் கரையும். அதற்கு உலக சுகாதார நிறுவனம் 1998-ல் லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் என்றது, 2004-ல் 15, 2011-ல் 30. நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 60 என்று வைத்தது. தர நிர்ணய அமைவனம் பின்னர் 30-ஐ ஏற்றது. 45 உள்ள கிணறு ஒரு கணக்கில் நல்லது, இன்னொன்றில் கெட்டது. கிணற்றுக்காரருக்கு இது வேடிக்கையாக இராதுதான். இருந்தாலும் சிறுநீரகத்துக்கு என்ன ஆகிறது என்று ஆராய்ந்து பார்த்து மாற்றிய எண்களைக் குறை சொல்ல மாட்டேன். தெரிந்துகொண்டதால் மாறும் எண் வேறு. இல்லாமையால் மாறும் எண் வேறு. இரண்டையும் ஒரே பட்டியலில் ஒரே மையால் அச்சிடுவதைத்தான் மனம் ஏற்க மறுக்கிறது.

ஒரு கிணற்று நீரில் ஃப்ளோரைடு 1.3 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 'அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது' என்று அறிக்கையில் எழுதினால் அது பொய்யல்ல. 'வேறு நீர் கிடைக்காததால்' என்ற நிபந்தனையையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் கட்சி. அந்தத் தாளைக் கையில் வாங்கும் தாய், 'வேறு நீர் ஏன் கிடைக்கவில்லை?' என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் சோதனைச்சாலையில் இல்லை.