சிறையும் விளையாட்டும்

சிறையிலிருக்கும் மகளிர்க்கு விளையாட்டு எற்றுக்கு? குற்றஞ் செய்தார்க்கு இன்பமளித்தல் தண்டத்தை அழிப்பதாகாதோ எனின், ஆகாது. தண்டம் கவர்வது புறத்தே இயங்கும் உரிமையையேயன்றி உடல்நலத்தையன்று. ஐக்கிய நாடுகள் அவை 2015-இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள், வெளிவேலையில்லாச் சிறையாளர்க்கு, வானிலை இடந்தரின், நாடோறும் ஒருமணி நேரமேனும் திறந்தவெளியில் உடற்பயிற்சி வேண்டுமென்கின்றன. 2010-இல் ஏற்ற பாங்காக் விதிகள், சிறைமகளிர்க்கு அவர் நிலைக்கேற்ற பல்வகைப் பயிற்சிகளும் வேண்டுமென்கின்றன.

இனி, அதன் பயன் கூறுதும். காவலர்க்கு அஞ்சி விதியைக் காப்பவள், அக்காவல் நீங்கியவழி விதியையும் நீங்குதல் கூடும். பந்தாடுபவளோ தானே விரும்பி விதிக்கு அடங்குகின்றாள், தோல்வியைச் சினமின்றிப் பொறுக்கப் பழகுகின்றாள், உடனாடுவார்க்குத் துணையாகின்றாள். அச்சத்தாற் பிறவாத இவ்வடக்கமே சிறைவாயில் கடந்தும் உடன்செல்லற்பாலது.

ஆடுவாரெல்லாரும் திருந்துவரோ எனின், யாம் அங்ஙனங் கூறேம். திருந்த விழைவார்க்கு வழியை அடைத்தல் அறமன்று என்பதே எம் துணிபு.