யாருடைய வயல்

2019 ஜூலை 5 அன்று பட்ஜெட் உரையின் நடுவே நிர்மலா சீதாராமன் புறநானூற்றிலிருந்து பிசிராந்தையாரின் பாடலொன்றைத் தமிழிலேயே சொன்னார். பாராளுமன்றத்தில் சங்கத் தமிழ் ஒலித்தது பற்றி நம்மிடையே வழக்கமான பெருமிதங்களும் வழக்கமான சந்தேகங்களும் எழுந்து அடங்கின. பாட்டு என்ன சொல்கிறது என்ற விசாரம் குறைவு. நெல்லை அறுத்து உருண்டையாக்கி ஊட்டினால் ஒரு மாவுக்கும் குறைந்த நிலம் யானைக்குப் பல நாள் காணும். அதே யானை தானாக வயலில் புகுந்தால், நூறு வயல் இருந்தாலும், வாயில் போவதைவிடக் காலில் அழிவது அதிகம். பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் புலவர் சொன்ன கணக்கு இது.

அந்த பட்ஜெட்டில்தான் 5 கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு சர்சார்ஜ் 37 சதவிகிதமாக உயர்ந்தது. செஸ்ஸும் சேர்த்து உச்ச வரி 42.74 சதவிகிதம். அதே ஆண்டு செப்டம்பரில், சலுகைகளை விட்டுக்கொடுக்கும் கம்பெனிகளுக்கு வரி 22 சதவிகிதமாக இறங்கியது. 2023ல், புதிய முறையைத் தேர்ந்துகொண்ட தனிநபர்களுக்கு அந்த சர்சார்ஜும் 25க்கு இறங்கி உச்ச வரி 39 ஆயிற்று. ஏறியதற்கும் ஒரு நியாயம் சொல்லப்பட்டது, இறங்கியதற்கும் ஒரு நியாயம் சொல்லப்பட்டது. எனக்கு இங்கே முக்கியமாகப் படுவது அந்த நியாயங்கள் அல்ல. பாட்டின் படிமம் நம் யோசனையை இன்னமும் எப்படிப் பிடித்து வைத்திருக்கிறது என்பதுதான்.

பாட்டில் இரண்டே பாத்திரங்கள்: யானை, வயல். கொள்பவன் அரசன், கொடுப்பது நாடு. வயலுக்குள் வரப்பு கிடையாது. எவ்வளவு, எப்படி என்று கேட்கலாம். யாரிடமிருந்து என்ற கேள்வி எழ அந்தப் படிமத்தில் வழியில்லை. இது புலவரின் குறையல்ல, அவர் அரசனோடு பேசிக்கொண்டிருக்கிறார். அந்த இரண்டு பாத்திரங்களை வைத்தே இன்றும் வரியைப் பற்றி யோசிக்கிற குறை நம்முடையது. ஒரு பக்கம் சர்க்கார், மறுபக்கம் 'நாம்'. இந்த 'நாம்' ரொம்ப விசாலமானது. நூறு ஏக்கர்காரனும் ஐந்து சென்ட்காரனும் அதில் அடக்கம். யானை வருகிறது என்று முதலில் கூச்சல் போடுகிறவன் நூறு ஏக்கர்காரன்; கம்பை எடுத்துக்கொண்டு ஓடுகிறவன் ஐந்து சென்ட்காரன்.

2024 தேர்தலின்போது இது நடந்தது. ஏப்ரலில் சாம் பித்ரோடா அமெரிக்காவில் உள்ள வாரிசு வரியைப் பற்றி ஏதோ சொல்லப்போக, மேடைகளில் அது ஒவ்வொருவரின் பிள்ளைகளுக்கும் வரவேண்டியதைப் பறிக்கும் திட்டமாக உருவெடுத்தது. அது அவருடைய சொந்த அபிப்பிராயம் என்று காங்கிரஸ் விலகிக்கொண்டது. 1953லிருந்து 1985 வரை, 32 வருஷங்கள், இதே நாட்டில் எஸ்டேட் டியூட்டி என்ற பெயரில் அந்த வரி இருந்ததை இரு தரப்பிலும் பலர் மறந்திருந்தார்கள். ஆனால் அந்த ஜூனிலேயே வெளியான ஒரு இப்ஸாஸ் சர்வேயில், ஜி-20 நாடுகளில் 17ல், செல்வந்தர்கள் மேல் சொத்து வரி வேண்டும் என்று சொன்னவர்கள் 68 சதவிகிதம். இந்தியாவில் 74.

ஜனங்களின் இரட்டை வேஷம் என்று இதைத் தள்ளிவிடுவது சுலபம். எனக்கு அப்படிப் படவில்லை. கேள்வியின் இலக்கணம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். சர்வேக்காரர் கேட்டது படர்க்கையில்: 'அவர்கள்' கொடுக்கலாமா? மேடை பேசியது முன்னிலையில்: 'உன்னுடையதை' எடுக்கப்போகிறார்கள். படர்க்கையில் எல்லோரும் நீதிமான்கள். முன்னிலையில் எல்லோரும் சொத்துக்காரர்கள். தார்மீகக் கேள்வி என்று ஒன்று இருந்தால் அது மூன்றாவது இடத்தில், தன்மையில்தான், இருக்க முடியும். அங்கே நின்று நாம் பேசுவதில்லை. 'பணக்காரன்' என்ற கோட்டை நம்மில் ஒவ்வொருவரும் தன் தலைக்குச் சற்று மேலே கிழித்துக்கொள்கிறோம். சம்பளம் உயர உயரக் கோடும் உயர்கிறது.

படர்க்கை நீதி என்ன செய்யும் என்பதற்கு நம் சரித்திரத்திலேயே உதாரணம் உண்டு. 1956ல் நிக்கலஸ் கால்டார் இந்திய வரி அமைப்பை ஆராய்ந்து, வருமான வரியின் உச்சம் 45 சதவிகிதத்தைத் தாண்டவேண்டாம், ஆனால் சொத்து, செலவு, பரிசு, மூலதன லாபம் எல்லாவற்றின் மீதும் வரி இருக்கட்டும், ஒன்று மற்றதைச் சரிபார்க்கும் என்றார். நாம் வலையைப் பின்னினோம், கண்களைப் பெரிதாக விட்டோம். விகிதத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போனோம். 1973-74ல் 2 லட்சத்துக்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் 97.75 பைசா வரி. அதற்கு முன்பே, 1971ல், வாஞ்சூ கமிட்டி இப்படிப்பட்ட விகிதங்களே கறுப்புப் பணத்துக்கு முக்கிய காரணம் என்று சொல்லி, 75க்குக் குறைக்கச் சொல்லியிருந்தது. 97.75 என்பது வசூலிக்கும் உத்தேசம் கொண்ட எண் அல்ல, ஒரு சடங்கு. நாடு தன் சமத்துவப் பற்றைத் தனக்கே நிரூபித்துக்கொண்டது, பணம் வேறு வழியில் போயிற்று. பிறகு சடங்கு அலுத்துப்போனபோது வலையும் சேர்ந்து கழன்றது. செலவு வரி 1966ல், எஸ்டேட் டியூட்டி 1985ல், பரிசு வரி 1998ல், சொத்து வரி 2015 பட்ஜெட்டில். வசூல் சொற்பம் என்பது கடைசியில் சொல்லப்படும் காரணம். ஏன் சொற்பம் என்று கேட்பது அநாகரிகம் போலும்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் 1974ல் ராபர்ட் நோஸிக் சொன்னது. உழைத்துப் பெற்ற வருமானத்தில் வரி எடுப்பது கட்டாய உழைப்புக்குச் சமம் என்கிறார். டீக்கடையில் 'அவன் சம்பாதிச்சான், அவன் வெச்சுக்கட்டும்' என்று கேட்கிற குரலின் தத்துவ வடிவம் இது. இதில் ஒரு சுயமரியாதை இருக்கிறது, ஏளனம் செய்ய மாட்டேன். ஆனால் நோஸிக்கே இன்னொன்றும் சொல்கிறார்: முதலில் அடைந்தது நியாயமாக அடைந்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் திருத்தம் செய்ய வேண்டும். யார் நிலம் வைத்துக்கொள்ளலாம், யார் அதில் கூலிக்கு இறங்கலாம் என்பதை ஜாதி நிர்ணயித்த ஒரு தேசத்தில் இந்தத் திருத்த விதியை மெய்யாகவே பிரயோகித்தால், 42.74 சதவிகிதம் கருணையாகத் தோன்றும். நோஸிக்கை மேற்கோள் காட்டும் நம்மவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

என் தரப்பிலும் ஒரு பொய் உண்டு. பணக்காரனுக்கு வரி போடு என்று சொல்லும்போது நம் குரலில் இருப்பது பல சமயம் நீதி அல்ல, தண்டிக்கும் ஆசை. வரி அபராதம் ஆகிவிட்டால் அதன் அர்த்தமே மாறிவிடுகிறது. அபராதம் கட்டியவன் குற்றத்திலிருந்து விடுபட்டவன். வெளியே வந்து கதவைச் சாத்திக்கொள்ளலாம். வரி அப்படியில்லை. எல்லோரும் இருக்கிற வீட்டில் நானும் இருக்கிறேன் என்று ஒப்புக்கொள்வது அது. சோப்பு வாங்குகிற கூலிக்காரப் பெண் அதைத் தெரியாமலே தினமும் ஒப்புக்கொண்டிருக்கிறாள். அவளை யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை.

சில வருஷங்களுக்கு முன் என் தகப்பனார் விட்டுப்போன மனையை விற்றேன். பத்திரம் எழுதுகிறவர், சாதாரணமாக, 'சார், கைடுலைன் மதிப்புக்குப் போட்டுக்கலாம், மீதியக் கையில வாங்கிக்குங்க, எல்லாரும் செய்யறதுதான்' என்றார். வாங்குகிறவர் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அந்த மனை என்னுடையது என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி சர்க்கார் பதிவேட்டில் இருந்த ஒரு வரி. அந்தப் பதிவேட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டுதான் சர்க்காருக்குப் பொய்க் கணக்குக் கொடுத்தேன். என் உரிமைக்கு அது மெய் பேச வேண்டும், என் வரவுக்கு நான் பேச வேண்டியதில்லை. அன்று நான் செல்வந்தன் இல்லை. கோடு என் தலைக்கு மேலேதான் இருந்தது.

பிசிராந்தையார் பாட்டின் பின்பகுதியில், தரம் தெரியாமல் ஆரவாரிக்கும் ஒரு சுற்றம் அரசனைச் சூழ்ந்திருக்கிறது. யானையையும் வயலையும் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தச் சுற்றத்தை விட்டுவிடுகிறார்கள். வயலை மிதிக்கும் கால்களில் எத்தனை யானையினுடையவை, எத்தனை அந்தச் சுற்றத்தினுடையவை என்று எண்ணிப் பார்த்தால், என்னுடையதும் இரண்டு அதில் இருக்கும்.

பணக்காரர்கள் அதிக வரி கட்ட வேண்டும் என்று இன்றும் நான் நினைக்கிறேன். சர்வேக்காரர் வந்தால் அப்படியே சொல்வேன். ஆனால் வரி பற்றிய என் அபிப்பிராயம் என்று எங்காவது பதிவாகியிருக்கிறது என்றால், அது அந்தப் பத்திரத்தில், எண்ணாலும் எழுத்தாலும் குறிப்பிட்டு நான் கையெழுத்துப் போட்ட தொகைதான்.