அகலிகை: ஒரு பெயரும் ஒரு பழியும்

பெயர் என்பது பொருளைச் சுட்டும் குறி மட்டுமே என்பது அளவையியலாளர் சிலரின் முடிபு. ஜோன் ஸ்டுவார்ட் மில் 1843ஆம் ஆண்டு வெளியிட்ட அளவையியல் நூலில், சிறப்புப் பெயர்கள் ஒருவரைச் சுட்டுவனவேயன்றி அவருடைய பண்பு எதனையும் உணர்த்துவனவல்ல என்றார். தமிழ் இலக்கணகாரர் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பிரித்த பிரிப்பும் இதனோடு ஒருவாறு ஒத்துச் செல்வது. ஆனால், பிறந்த பெண்மகவுக்குப் பெயர் தேடும் பெற்றோர் எவரும் மில்லின் கொள்கையை ஏற்று நடப்பதில்லை. அவர்களுக்குப் பெயர் வெறும் குறியன்று. அதனை முன்னர்த் தாங்கியவர்களின் வாழ்வும் புகழும் பழியும் அதனோடு சேர்ந்தே வருகின்றன. இவ்வாறு வந்து சேரும் பழிக்கு நியாயம் உண்டா என்பது அறவியல் சார்ந்த ஒரு வினா. அதனை ஆராய்தற்கு 'அகலிகை' என்னும் பெயரினும் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

அகலிகை என்ற தமிழ் வடிவம் பெண்பிள்ளைகளுக்கு இடப்படுவது மிக அரிதாகவே உள்ளது. அகல்யா என்ற வடமொழி வடிவம் ஓரளவு வழங்குகின்றது. ஒரே பெயரின் இரு வடிவங்களுள் ஒன்று ஏற்கப்பட்டு மற்றையது விலக்கப்படுவது வெறும் ஓசை பற்றியதன்று. காப்பியம் பயின்ற தமிழ்ச் செவிக்கு அகலிகை என்றவுடன் கல்லும் சாபமும் நினைவுக்கு வருகின்றன. அகல்யா என்ற வடிவத்தில் அந்நினைவு சற்றே மங்கி நிற்கின்றது. மக்கள் பெயரை ஏற்று, அதன் கதையை மறைத்துக்கொள்ளும் ஒரு வழியாக இதனைக் கருதலாம்.

இப்பெயரின் சொற்பொருள் பலவாறாக விளக்கப்பட்டுள்ளது. 'ஹல' என்பது விகாரத்தைக் குறிக்கும் என்றும், அஃது இல்லாதவள் ஆதலின் அகல்யை ஆயினாள் என்றும் வான்மீகி இராமாயணத்தின் உத்தர காண்டம் கூறும். ஹலம் என்பதற்குக் கலப்பை என்ற பொருளும் உண்டு. அதன்படி, உழப்படாத நிலம் என்பது இப்பெயரின் பொருளாகும். ஏழாம் நூற்றாண்டளவில் வாழ்ந்த மீமாம்சை அறிஞர் குமாரிலபட்டர் வேறொரு வழியிற் சென்றார். பகலில் மறைவது ஆதலின் அகல்யை என்பது இரவு. அவளைக் கெடுத்தவனாகச் சொல்லப்படும் இந்திரன் அவ்விரவை அழிக்கும் ஞாயிறு. ஆகவே இது ஒழுக்கக்கேட்டின் கதையன்று, விடியலின் உருவகம் என்பது அவர் கருத்து.

இவ்விளக்கங்கள் மூன்றும் மூன்று மனப்பாங்குகளைக் காட்டுகின்றன. முதலாவது பெண்ணை அழகாகக் காண்கின்றது. இரண்டாவது நிலமாகக் காண்கின்றது. மூன்றாவது பெண்ணையே இல்லாமற் செய்துவிடுகின்றது. பெண்ணை நிலமாகவும் ஆணை வித்தாகவும் உவமித்த மனு நூலின் மரபை நோக்கும்போது, உழப்படாதவள் என்னும் பெயர் எத்தகைய உடைமை எண்ணத்தினுள் உருவாகியிருக்கக்கூடும் என்பது புலனாகும். குமாரிலபட்டரின் விளக்கமோ தேவர்கோனின் மானத்தைக் காப்பாற்றுகின்றது. ஆனால் கல்லாய்க் கிடந்தவளின் துயருக்கு அவ்வுருவகத்தில் இடமில்லை. பழியை நீக்குவதற்காகப் பழிக்கப்பட்டவளையும் சேர்த்தே நீக்கிவிடுவது ஒருவகையான தீர்ப்புத்தான். எனினும் அது நீதியாகாது.

பெயரின் வரலாற்றைப் பின்னோக்கிச் சென்று காணின் வியப்பான செய்தி ஒன்று கிடைக்கின்றது. சதபத பிராமணம் முதலிய பழைய வேள்வி நூல்களில் இந்திரனை விளிக்கும் தொடர்களுள் ஒன்று 'அகல்யையின் காதலனே' என்னும் பொருளுடையது. பிற்காலத்தார் களங்கமாகக் கண்ட உறவு, அங்கு வேள்விக்களத்தில் அழைக்கப்படும் தேவனுடைய பட்டங்களுள் ஒன்றாக நிற்கின்றது. அவளுடைய கதை அங்கு இல்லை. அவளுடைய குரலும் இல்லை. தமிழிற் பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல், திருப்பரங்குன்றத்திற் காண வந்தோர்க்குக் காட்டப்பட்ட ஓவியங்களுள் இந்திரனையும் அகலிகையையும் கௌதமனையும் கல்லுருவையும் குறிப்பிடுகின்றது. கம்பனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, ஒருவர்க்கொருவர் சுட்டிக்காட்டிப் பேசும் அளவுக்கு இக்கதை தமிழரிடையே பரவியிருந்தமை இதனாற் பெறப்படும்.

*

அகலிகை பிழை செய்தாளா என்ற வினாவுக்கு இலக்கியங்கள் ஒரே விடையைத் தரவில்லை. வான்மீகியின் பால காண்டத்தில், முனிவர் வேடத்தில் வந்தவன் இந்திரன் என்பதை அவள் அறிந்தே இசைகின்றாள். அங்கு அவள் கல்லாவதில்லை. காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலிற் கிடந்து, எவ்வுயிர்க்கும் புலனாகாது தவம் இருக்கின்றாள். இராமனும் இலக்குவனும் வந்தபோது அவ்விருவருமே அவள் பாதங்களைத் தொட்டு வணங்குகின்றனர். உத்தர காண்டத்திலோ, வந்தவன் தன் கணவன் அல்லன் என்பதை அறியாதிருந்ததாக அவளே முறையிடுகின்றாள். உத்தர காண்டம் பிற்காலச் சேர்க்கை என்பது ஆய்வாளர் பலர் கருத்து. அவ்வாறாயின், காலம் செல்லச் செல்ல அவளுடைய அறியாமையை நிறுவ வேண்டிய தேவை எழுந்தது என்று கொள்ள இடமுண்டு.

கம்பன் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அரிய நிலையொன்றை எடுத்துக்கொண்டான். தொடக்கத்தில் அவள் அறியாள், இடையில் உணர்கின்றாள், உணர்ந்த பின்னரும் தகாதது என்று எண்ணி விலகினாள் அல்லள். இவ்வளவும் கூறிய அதே படலத்தின் இறுதியில், நெஞ்சத்தாற் பிழை செய்யாத இவளை ஏற்றுக்கொள்க என்று விசுவாமித்திரன் கௌதமனிடம் கூறுவதாகவும் அமைத்தான். உணர்ந்தும் விலகாதவள் எவ்வாறு நெஞ்சத்தாற் பிழையற்றவள் ஆவாள்? இதனை முரண்பாடு என்று தள்ளுவது எளிது. ஆனால் அறவியலின் மிகக் கடினமான இடம் இதுவே என்பதைக் கம்பன் அறிந்திருந்தான் என்று கொள்வதே பொருத்தமாகும்.

அறியாமையாற் செய்த செயலை, பின்னர் அதற்காக வருந்துபவரிடத்தில் தன்விருப்பற்ற செயலாகக் கொள்ள வேண்டும் என்றார் அரிஸ்டோட்டில். வருந்தாதவனை அவ்வாறு கொள்ளவியலாது என்றும் அவர் வேறுபடுத்தினார். கம்பனின் அகலிகைக்கு இவ்வளவுகோலைப் பொருத்தினால், செயலின் தொடக்கம் அவளுடையதன்று. வஞ்சனையால் அவள் அதனுள் இழுக்கப்பட்டாள். அறிவு வந்த கணத்தில் அவளுக்கு இருந்தது ஒரு கண நேரத் தளர்ச்சி. திட்டமிட்டவன் வேறொருவன். திட்டமிட்ட தீமையையும் அத்தீமையினுள் அகப்பட்டவரின் தளர்ச்சியையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தலாகாது என்பதே விசுவாமித்திரன் கூற்றின் உட்பொருள் எனலாம். தவறே இல்லை என்று அவன் வாதாடவில்லை. நெஞ்சத்தின் வேர் கெடவில்லை என்றே கூறுகின்றான்.

1943இல் புதுமைப்பித்தன் எழுதிய 'சாபவிமோசனம்' இவ்விவாதத்தை மேலும் ஒரு படி கொண்டு சென்றது. மீட்சி பெற்ற அகலிகை, சீதை தீக்குளிக்க நேர்ந்த செய்தியைச் சீதையிடமிருந்தே கேட்கின்றாள். தன்னை மன்னித்தவன் தன் மனைவியிடம் சான்று கேட்டான் என்பதை அவள் நெஞ்சம் தாங்கவில்லை, மீண்டும் கல்லாகின்றாள். ஒருவரை மன்னிக்கும் அறம் எல்லோர்க்கும் பொதுவாகாதபோது, அம்மன்னிப்பும் பொருளிழந்துவிடுகின்றது என்பது அக்கதை எழுப்பும் உண்மை.

*

இனிப் பெயரைப் பற்றிய வினாவுக்கு மீளலாம். ஈழத்துத் தமிழ்க் குடும்பங்களில் தேவேந்திரன், மகேந்திரன், புவனேந்திரன் முதலான பெயர்கள் தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகின்றன. இவற்றுட் சில இந்திரனையே நேராகக் குறிப்பன. இந்திரன் செய்த வஞ்சனையை எண்ணி இப்பெயர்களை ஒருவரும் விலக்கியதில்லை. சாபமிட்ட முனிவரை நினைவூட்டும் கௌதமன் என்ற பெயருக்கும் தடையில்லை. வஞ்சித்தவனின் பெயர் பெருமைக்குரியதாகவும் வஞ்சிக்கப்பட்டவளின் பெயர் தயக்கத்துக்குரியதாகவும் நிற்பதே இங்குக் கவனிக்க வேண்டிய முறைகேடு.

இதற்கு மறுப்பொன்று கூறப்படலாம். அப்பெயர்களில் வரும் இந்திரன் என்ற சொல் தலைவன் என்னும் பொதுப்பொருளையே தருகின்றது. புராணக் கதையை எவரும் நினைப்பதில்லை என்பது அம்மறுப்பு. அஃது உண்மையே. ஆயின் அவ்வுண்மைதான் முறைகேட்டை மேலும் தெளிவாக்குகின்றது. ஆணின் பெயருக்குச் சொற்பொருளை நோக்குவோர், பெண்ணின் பெயருக்கு மட்டும் கதையை நோக்குகின்றனர். சொற்பொருளை நோக்கின் அகலிகை குறையற்றவள். கதையை நோக்கின் இந்திரன் குற்றவாளி. எந்த அளவுகோலைக் கொண்டாலும் அதனை இருவர்க்கும் ஒப்பக் கொள்வதே நடுவுநிலைமை.

சமய வழக்கிலும் இதனை ஒத்த இரட்டை நிலை உண்டு. காலையில் நினைத்தற்குரிய ஐந்து கன்னியருள் முதலாவதாக வைத்து எண்ணப்படுபவள் அகலிகை. அவர்களை நினைப்பது பாவத்தைப் போக்கும் என்பது நம்பிக்கை. நாவினால் நாளும் உச்சரிக்கத்தக்க பெயர், மகளுக்கு இடத்தகாத பெயராகின்றது. தொலைவில் நிறுத்தி வணங்கும் ஒருவரைத் தன் வாயிலுக்குள் அழைக்கத் தயங்குவது வணக்கம் ஆகுமா என்பது சிந்தித்தற்குரியது. அத்தகைய வணக்கம், அவளைக் கல்லாகவே வைத்துக்கொள்ளும் இன்னொரு வழியாதலும் கூடும்.

இப்பெயருக்கு வேறொரு வரலாறும் உண்டு. மராட்டியத்தில் 1725ஆம் ஆண்டு பிறந்த அகல்யாபாய், ஹோல்கர் குடும்பத்தில் மணம் புகுந்து, 1754இற் கணவரைப் போரில் இழந்தார். 1766இல் மாமனார் மல்ஹார்ராவும் அடுத்த ஆண்டு மகனும் மறைந்தபின், மாளவத்தின் ஆட்சிப் பொறுப்பு அவர்பால் வந்தது. மகேசுவரத்தைத் தலைநகராகக் கொண்டு 1795இல் இறக்கும்வரை அவர் ஆண்டார். காசி விசுவநாதர் ஆலயம் 1780இல் அவராற் புதுப்பித்துக் கட்டப்பெற்றது. படித்துறைகளும் வழிப்போக்கர் விடுதிகளும் அவர் பெயரை இந்தியாவின் பல திசைகளிலும் நிலைநிறுத்தின. இந்தூரின் பல்கலைக்கழகமும் வானூர்தி நிலையமும் அவர் பெயரைத் தாங்குகின்றன. அவர் பிறந்த அகமதுநகர் மாவட்டம் 2024ஆம் ஆண்டில் அகில்யாநகர் எனப் பெயர் மாற்றப்பெற்றது. மராட்டியத்திலும் மத்திய இந்தியாவிலும் இப்பெயரைக் கேட்போர்க்கு முதலில் நினைவுக்கு வருவது முனிவர் மனைவியல்லள், அரசியே. காப்பியத்தில் அப்பெயருடையவள் பிறர் பாதத்துகளாற் கல்நிலை நீங்கினாள். வரலாற்றில் அதே பெயருடையவர் தம் கைத்தொழிலால் அப்பெயருக்குப் புதுப்பொருள் தந்தார்.

எனவே, பெயர் வெறும் குறி என்ற மில்லின் கூற்றும், பெயர் மாறாத விதி என்ற பொதுமக்கள் எண்ணமும் முழுமையானவையல்ல. பெயரின் பொருள் சேர்ந்துகொண்டே செல்வது. அதனைத் தாங்குவோர் ஒவ்வொருவரும் அதிற் சிறிது சேர்க்கின்றனர். முன்னர்த் தாங்கியவரின் கணக்கைப் பின்னர்த் தாங்குபவர் கொடுத்துத் தீர்க்க வேண்டியதில்லை.

இவ்விடத்துப் பெற்றோரின் பக்கத்து நியாயத்தையும் புறக்கணித்தலாகாது. பெயரிடப்படும் குழந்தையின் இசைவு கேட்கப்படுவதில்லை. பள்ளியில் ஏளனத்தையும் மணப்பேச்சில் முணுமுணுப்பையும் தாங்கவேண்டியவள் அவளேயன்றிப் பெற்றோரல்லர். தம் கொள்கையின் பாரத்தைக் குழந்தையின் தோளில் ஏற்றுவதும் அறமாகாது. ஆதலால், மகளுக்கு அகலிகை என்று பெயரிடல் வேண்டும் என்ற கடமை எவர்க்கும் இல்லை. எனினும், எல்லோரும் இவ்வாறு விலகிநிற்க, அவ்விலகலே ஏளனத்துக்குச் சான்றாகிவிடுகின்றது. பெயரைத் தாங்குவோர் இன்மையால் பழி வளர்கின்றது. பழி வளர்தலால் தாங்குவோர் அருகுகின்றனர்.

இச்சுழலை உடைக்கும் பொறுப்பு பெயரிடுவோரிடத்து மட்டும் இல்லை. அதனைக் கேட்போரிடத்தே பெரிதும் உண்டு. ஒரு வகுப்பறையில் அகலிகை என்று ஒரு சிறுமி அழைக்கப்படும்போது, ஆசிரியரும் உடன்பயில்வோரும் அதனை எவ்வாறு கேட்கின்றனர் என்பதிலேயே அப்பெயரின் எதிர்காலம் தங்கியுள்ளது. குற்றம் செய்தவனை மறந்து, குற்றத்துக்கு உள்ளானவளை நினைவில் வைத்திருக்கும் செவி திருந்த வேண்டிய செவி. வான்மீகியின் கதையில் அரசகுமாரர் இருவர் குனிந்து வணங்கிய பாதங்கள் அவளுடையவை. அவர்களுக்கு இயன்ற அவ்வணக்கம், அவள் பெயரைக் கேட்கும் மற்றையோர்க்கு இயலாததாக இருத்தற்குக் காரணம் இல்லை.