வேடம் கலைந்த பிறகு

தஞ்சாவூருக்கு அருகே மெலட்டூரில் ஆண்டுதோறும் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி பாகவத மேளா நடக்கிறது. பிரகலாதனின் தாய் லீலாவதியாக வருபவர் ஓர் ஆண். (பெண்களுக்கு அந்த மேடையில் மரபாக இடமில்லை, அது தனி வழக்கு.) அவருடைய நடையையும் அபிநயத்தையும் பார்த்து ஊர் உருகும். விடிந்ததும் வேடம் கலைந்துவிடும் என்கிற உறுதியில்தான் உருகுகிறார்களோ என்று எனக்கு நெடுநாள் சந்தேகம்.

பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். வருகைப் பதிவேட்டில் ஆண் பெயர். கல்லூரி விழாவில் கண்ணகியாக ஆடினாள். அரங்கமே எழுந்து நின்றது. அடுத்த பருவத்தில் ஆளைக் காணோம். விடுதியில் இருக்க விடவில்லை, வீட்டுக்கும் போக முடியவில்லை. எழுந்து நின்று கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. அதோடு என் கடன் தீர்ந்ததா?

நம் டெல்டாவுக்கு ஊரைவிட்டுப் போவது புதிதல்ல. மகன் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ கிளம்பினால் அது 'பயணம்'. வழியனுப்ப உறவெல்லாம் திரண்டு வரும். இவள் போனதற்கு 'ஓடிப்போனது' என்று பெயர்.

இங்கே வந்து சேர்ந்தவர்களும் உண்டு. மதுரையிலிருந்து தோழி சக்தியோடு வந்த திருநங்கை நர்த்தகி நடராஜை, தஞ்சை நால்வர் பரம்பரையில் வந்த கே.பி. கிட்டப்பா பிள்ளை மாணவியாக ஏற்றுக்கொண்டார். 'நர்த்தகி' அவர் இட்ட பெயர். 2019இல் பத்மஸ்ரீ. வகுப்பில் இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். சொல்லி முடித்ததும் ஓர் உறுத்தல். அந்த அளவுக்கு ஆடத் தெரியாதவளுக்கு இந்த ஊரில் யார் வாடகைக்கு வீடு தருவார்கள்? சாதித்துக் காட்டிய பிறகுதான் ஒருத்தி மனுஷியா?

லிவிங் ஸ்மைல் வித்யாவும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்தான். 2014இல் ஏஞ்சல் கிளாடி, ஜீ இமான் செம்மலர் ஆகியோரோடு 'பன்மை' நாடகக் குழுவைத் தொடங்கினார். புராணப் பாத்திரம் எதையும் பூசிக்கொள்ளாமல் தங்கள் வாழ்க்கையையே, தங்கள் உடம்போடு மேடையில் வைத்தார்கள். விடிந்ததும் கலைக்க அங்கே ஒன்றுமில்லை. பார்வையாளரான நமக்குத்தான் அது சங்கடம். வித்யா இன்று சுவிட்சர்லாந்தில் இருக்கிறார்.

போன தையில் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. குரலை உடனே அடையாளம் கண்டுகொண்டேன்.

"அம்மா, அறுப்பு முடிஞ்சிருச்சா?"

"நடக்குது. வந்து பாரேன்."

"எங்கம்மா தங்குறது?"

'எங்க வீட்டுல' என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் ஆனது. அதற்குள் அவள் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.